ரத்தம் கேட்டுக் கூப்பிட்டால் யார் வருகிறார்கள்?

தருமபுரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அரசு மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரம்தான். மருந்து வாங்க வருகிறவர்களில் பலர் சீட்டை நீட்டும்போதே இன்னொரு கேள்வியையும் கேட்பார்கள்: "அண்ணா, பி நெகட்டிவ் யாராச்சும் தெரியுமா?" அப்படி ஆரம்பித்தது ஒரு நோட்டு. ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், குரூப், ஊர், ஃபோன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தில் அவருக்கு என்ன வேலை என்றும் எழுதிவைப்பேன். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். டிரைவர் என்றால் வண்டி ஓட்டும் நேரத்தில் கூப்பிடக் கூடாது, ஹோட்டல் மாஸ்டர் என்றால் மதியக் கூட்டம் கலைந்த பிறகு, வாத்தியார் என்றால் மாலை நாலரைக்கு மேல்.

வருஷம் ஆக ஆக அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆரம்பித்தது. ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, "எங்க வரணும்?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்காமல் கிளம்பி வந்தவர்களைப் பார்த்தால், சுமை தூக்குகிறவர், லாரி கிளீனர், பரோட்டா மாஸ்டர், சென்ட்ரிங் வேலை, பூ மார்க்கெட் என்றே வரிசையாக இருக்கும். "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்தவர்களுக்கு எதிரே வங்கி, அரசு அலுவலகம், சொந்தத் தொழில், ரியல் எஸ்டேட். இரண்டு பக்கமும் விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வேற்றாள் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டினாலும் கண்ணில் படுகிற அளவுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இதை யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற பதில், "இல்லாதவனுக்குத்தான்பா மனசு பெருசு." எங்கள் ஊரில் காசுள்ளவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் நடக்கிற கெடுதலைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் சுமை தூக்கும் ஒருவர் என் நோட்டில் இருக்கிறார். ஓ நெகட்டிவ். ஒரு மார்கழி ராத்திரி, பென்னாகரம் பக்கத்து மலையோர ஊரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நான் கூப்பிட்டபோது அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இருபது கிலோமீட்டருக்கு மேல் பனியில் ஓட்டி வந்தார். கட்டிலில் படுத்து, கையில் பந்தை அமுக்கி அமுக்கிப் பை நிறையும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் கொடுத்த ஜூஸைக் குடித்தார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பாப்பா கேக்கும்ணா." நர்ஸ் அம்மா, "நாளைக்கு முழுசும் கனமா எதுவும் தூக்காதீங்க" என்று சொன்னதற்குத் தலையாட்டினார். வெளியே வந்து வண்டியை மிதிக்கும்போது நான் கேட்டேன், "நாளைக்கு மண்டிக்குப் போவீங்களா?" "போகாம எப்படிண்ணா? காலைல நாலு மணிக்கு லோடு வந்துரும். கொஞ்சம் மெதுவா தூக்கிக்கறேன்."

அந்த நேரத்தில் தருமபுரி டவுனுக்குள், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில், அதே குரூப் உள்ளவர்கள் என் நோட்டிலேயே இருந்தார்கள். வாசலில் கார் நிற்கிற வீடு. மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் ஒரு ரூபாய் குறையாது. யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் ஈரமில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களில் ஒருவர் 2020 ஊரடங்கில், பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நடந்தும் சைக்கிளிலும் வந்த கட்டட வேலைக் குடும்பங்களுக்காகத் தன் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டுச் சோறு போட்டவர். யாரையும் ஃபோட்டோ எடுக்க விடவில்லை. அந்த மனுஷனும், ரத்தம் கேட்டுக் கூப்பிட்டால் ஃபோனைத் திருப்பி வைக்கிற மனுஷனும் ஒருவர்தான். அப்படியானால் விஷயம் மனசின் அளவில் மட்டும் இல்லை. ஊரடங்கின்போது அந்தக் குடும்பங்கள் அவர் மண்டபத்து வாசல் வழியாகவே நடந்துபோனார்கள். குழந்தையின் காலில் கொப்புளத்தை அவர் கண்ணாலேயே பார்த்தார். பிரசவ வார்டில் கிடக்கிற பெண்ணை அவர் பார்த்ததில்லை. அவர் வீட்டுப் பிரசவங்கள் அந்தக் கட்டடத்தில் நடப்பதும் இல்லை.

கட்டடம் என்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பொது வார்டு வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மா தூக்கில் இருக்கும் களியில் பாதியைப் பக்கத்துக் கட்டில்காரிக்கு வைப்பார். இன்னொருவர் சார்ஜர் கொடுப்பார். ஸ்கேன் எடுக்கப் போகிறவர், "கொஞ்சம் பையைப் பாத்துக்கக்கா" என்று முன்பின் தெரியாதவரிடம் குழந்தையையே விட்டுவிட்டுப் போவார். இரண்டாம் நாளில் ஒருவர் குடும்பக் கதை மற்றவருக்கு முழுசாகத் தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது கட்டிப்பிடித்து அழுவதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்த வராந்தாவில் இரண்டு நாள் இருந்துவிட்டு, உறவினர் பணம் புரட்டிக் கொடுத்ததும் தனியார் மருத்துவமனையில் தனி அறைக்கு மாறியது. மருந்து கொடுக்க அங்கேயும் போனேன். ஏசி, டிவி, சாத்திய கதவு. பக்கத்து அறையில் யார், என்ன நோய் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. பையைப் பார்த்துக்கொள்ள லாக்கர் இருக்கிறது, சாப்பாட்டுக்கு கேன்டீன் பையன் வருகிறான். இரண்டு நாள் முன்பு யாரோ ஒருவர் பிள்ளையை மடியில் வைத்திருந்த அதே அக்காதான். குணம் மாறிவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

காசு செய்கிற வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. காசு இருந்தால் அடுத்தவரிடம் உதவி கேட்க வேண்டிய தேவை குறைகிறது. உதவி கேட்காதவரிடம் வந்து கேட்கவும் ஆள் இருக்காது. கேட்டுக் கேட்டு, கொடுத்துக் கொடுத்து வருகிற பழக்கம் அங்கே விட்டுப்போகிறது. இல்லாதவர்கள் வாழ்க்கையில் அந்தப் பழக்கம் தினம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று என் கொல்லையில் நீ களை எடுத்தால் நாளைக்கு உன் கொல்லையில் நான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டில் கைமாத்து. திரும்பக் கேட்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. பேங்க் பாஸ்புக் இல்லாத இடத்தில் மனுஷர்கள்தான் சேமிப்பு.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் எங்கள் மாவட்டத்தில்தான் வேர் பிடித்தன. 1989இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் கொடுத்த பணத்தில் தருமபுரியில் தொடங்கிய திட்டம் அது. கிருஷ்ணகிரியும் அப்போது எங்கள் மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. அந்தக் குழுக்கள் அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்கு, ஒருவருக்கொருவர் கைமாத்துக் கொடுக்கும் பழக்கம் அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆராய்ச்சிகளும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் சாயவில்லை. 2010இல் அமெரிக்காவில் பால் பிஃப், டாக்கர் கெல்ட்னர் முதலானவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் 10 புள்ளிகள் கொடுத்து, முகம் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பிறகு அதைப் பணமாக மாற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. சமூகத்தில் தங்களைக் கீழ்ப்படியில் வைத்துக்கொண்டவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது என் நோட்டையே யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது.

ஆனால் 2015இல் மார்ட்டின் கோர்ன்டோர்ஃபர், போரிஸ் எக்லோஃப், ஸ்டெஃபான் ஷ்முக்லே என்ற மூன்று ஜெர்மன் ஆய்வாளர்கள் ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே தலைகீழ். மேல்தட்டு மக்கள்தான் நன்கொடை அதிகம் கொடுக்கிறார்கள், வருமானத்தில் பெரிய பங்கைக் கொடுக்கிறார்கள், தொண்டு வேலைக்கும் அதிகம் போகிறார்கள் என்று வந்தது. அதுவும் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. அந்த மண்டபக்காரரை நான் பார்த்திருக்கிறேனே.

எனக்கு அதிகம் உதவியது 2021இல் ஆண்ட்ரியோனி, நிக்கிஃபோராகிஸ், ஸ்டூப் ஆகியோர் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வு. தபால்காரர் வீடு மாற்றிப் போட்டுவிட்டது போல, உள்ளே பணம் இருப்பது வெளியே தெரிகிற உறைகளை வசதியான வீடுகளிலும் ஏழை வீடுகளிலும் போட்டார்கள். உரியவருக்குத் திருப்பி அனுப்பியதில் வசதியான வீடுகள்தான் அதிகம். ஆனால் ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. பண நெருக்கடி ஏழை வீட்டை எவ்வளவு அழுத்துகிறது, அந்தப் பணத்தின் மதிப்பு அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகு, இரு பக்கத்தார் நல்ல மனசிலும் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். வித்தியாசம் நெருக்கடியில்தான் இருந்தது.

நெருக்கடி என்றால் என்னவென்று என் நோட்டிலும் தெரியும். எப்போது கூப்பிட்டாலும் வருகிறவர்கள் ஜூன் மாதத்தில் எடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஃபீஸ், நோட்டு, ஷூ, பஸ் பாஸ். தக்காளி விலை விழுந்து பறிகூலிக்கே கட்டாமல் ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற வாரங்களிலும் அப்படித்தான், பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துப் பெயர்கள் எல்லாம் அமைதியாகிவிடும். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் இதைத்தான் காட்டுகிறது. அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாத நேரத்தில் சிந்தனைச் சோதனைகளில் தடுமாறியவர்கள், அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள்தான். கடன்காரன் நினைப்பே மண்டையை நிறைத்திருக்கும்போது வேறு எதற்கும் இடம் இருப்பதில்லை. அந்த நேரத்தில் ஒருவர் ஃபோனை எடுக்காததை வைத்து அவர் மாறிவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. ஜூலையில் அவரே கூப்பிடுவார்: "என்னண்ணா, நம்மள மறந்துட்டீங்களா?"

சரி, "இல்லாதவனுக்குத்தான் மனசு" என்ற பேச்சில் என்ன கெடுதல்? அதைச் சொல்லிவிட்டால் வசதி உள்ளவர் தப்பித்துக்கொள்கிறார். ஏழையைப் புகழ்ந்து, வேலையையும் ஏழை தலையிலேயே கட்டிவிடுகிறோம். சுமை தூக்குகிறவரின் ரத்தத்தைப் பற்றிப் பேசும்போது, அதற்கு அவர் கொடுத்த விலையைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு காலத்தில் இந்த நாட்டில் இல்லாதவர்கள் ரத்தத்தை விற்றுச் சாப்பிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பால்தான், 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பதற்குத் தடை வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பிறகும் நடுராத்திரியில் வருவது அதே ஆட்கள் என்றால், அன்று காசுக்குக் கொடுத்தவர்கள் இன்று சும்மா கொடுக்கிறார்கள், அதோடு மறுநாள் கூலியையும் விடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெளியே பலருக்குத் தெரியாதது. ராத்திரி ஒருவர் ஓடிவந்து கொடுக்கிற பை உடனே நோயாளிக்கு ஏறுவதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோயான சிஃபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனை முடிய வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். அவசரத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும் ரத்தம்தான். வந்தவர் கொடுப்பது அந்த இடத்தை நிரப்புகிறது. சிவப்பணுக்களைப் பிரித்துச் சரியாக வைத்தால் 42 நாள் தாங்கும். பிளேட்லெட் 5 நாள்தான். ஆக, பகலில், சாவகாசமாக, மாதக் கணக்கில் திட்டம் போட்டுக் கொடுக்கிற ரத்தம்தான் ராத்திரி பிரசவத்துக்கு உதவும். திட்டம் போட்டு வர யாரால் முடியும்? மாதச் சம்பளக்காரரால், லீவு உள்ளவரால், கார் உள்ளவரால். நள்ளிரவில் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் பனியில் வர வேண்டியிருக்கிறது என்றால், பகலில் வர முடிந்தவர்கள் வராமல் விட்டதுதான் காரணம்.

இது புரிந்த பிறகு நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். சம்பளக்காரர்களை அவசரத்துக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அவர்கள் வாழ்க்கை தேதியில் ஓடுகிறது. ராத்திரி ஃபோன் அவர்களை மிரட்டுகிறது. "மேடம், வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்க பேரை எழுதிக்கட்டுமா? அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்று பத்து நாள் முன்னால் கேட்டால், வருகிறார்கள். ஆண்களை 90 நாளுக்கு ஒருமுறை, பெண்களை 120 நாளுக்கு ஒருமுறை கூப்பிடலாம். தேதியைச் சொல்லிவிட்டால் அவர்களே காலண்டரில் குறித்துக்கொள்கிறார்கள். முன்பு "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றவர்கள் எத்தனையோ பேர் இப்போது ஒழுங்காக வருகிறார்கள். அவர்களிடம் மனசு இருந்தது. நான் கேட்ட நேரமும் அவர்கள் வாழும் நேரமும்தான் ஒட்டவில்லை.

வாட்ஸப் குரூப்பில் பொதுவாகப் போடுவதால் பெரிய பலன் இல்லை. "அவசரம், ஏ நெகட்டிவ் தேவை" என்று போட்டால் எல்லோரும் கைகூப்புகிற பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். நூறு பேர் பார்க்கிற இடத்தில் யாரோ ஒருவர் போவார் என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஒரே ஆளை, பெயர் சொல்லி, ஒரே வேலையைக் கேட்க வேண்டும். அந்த மண்டபக்காரரிடம் நான் ரத்தம் கேட்பதை நிறுத்திவிட்டு, "அண்ணா, ராத்திரி யாராவது தூரத்துலருந்து வந்தா உங்க கார் டிரைவரை அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். உடனே சரி என்றார். இப்போது பாலக்கோட்டுக்காரர் எக்ஸ்எல்லில் வருவதில்லை. காரில் வந்து காரில் போகிறார். ஒருமுறை டிரைவர் இல்லாததால் மண்டபக்காரரே ஓட்டிப் போனார். வழியில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவரே வந்து தன் பெயருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசப் போனால், ரத்ததான முகாமுக்குத் திரண்டு வருகிறவர்கள் அவர்கள்தான். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு முகாம். நீல நிறக் காப்பர் சல்ஃபேட் கரைசலில் விரல் நுனி ரத்தத்தை ஒரு சொட்டு விடுவார்கள். சொட்டு அடியில் இறங்கினால் கொடுக்கலாம், மிதந்தால் ரத்தம் பத்தாது. ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும். அன்று சொட்டுகள் மிதந்துகொண்டே இருந்தன. நூறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த ஓர் அக்கா, "இன்னொருக்கா போட்டுப் பாருங்க சார்" என்று கெஞ்சினார். கொடுக்க வந்தவரைக் கொடுக்க விடாமல் திருப்பி அனுப்பியது அவர் தட்டில் விழுகிற சாப்பாடு. ஏழைகள் உதவுகிறார்களா என்று எண்ணிக்கை போடுகிறவர்கள் இப்படித் திரும்பிப் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

அவர்களை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அங்கேயே இரும்புச்சத்து மாத்திரைக்குச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். மாத்திரையையும் சாப்பாட்டையும் டீயோடு சேர்க்க வேண்டாம், டீ இரும்பை உடம்பில் சேர விடாது என்று சொல்லுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எலுமிச்சை, நெல்லிக்காய் எல்லாம் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். அதுவரை, துணைக்கு ஆள் இல்லாமல் பிரசவத்துக்கு வருகிற பெண்களோடு ராத்திரி தங்க முடியுமா என்று கேளுங்கள். எங்கள் பக்கம் இதற்கு முடியாது என்று சொன்ன குழுவை நான் பார்த்ததில்லை.

ஜாதியைப் பேசாமல் இந்த மாவட்டத்தில் உதவியைப் பற்றிப் பேச முடியாது. 2012 நவம்பரில் ஜாதிக் கலவரத்தில் தலித் மக்களின் நத்தம் காலனி எரிந்த மண் இது. கிராமத்தில் கைமாத்தும், கூடமாட வேலையும் பெரும்பாலும் அவரவர் தெருவோடு நிற்கும். தாராள மனசு என்று நாம் புகழ்வதற்கும் எல்லைக்கோடு இருக்கிறது. ரத்தப் பையில் குரூப்பும் நம்பரும் மட்டும்தான் எழுதியிருக்கும். ஆனாலும் சில சொந்தக்காரர்கள் கடைக்கு வந்து மெதுவாகக் கேட்பார்கள், "குடுத்தவரு யாரு ஆளுங்க?" நான் பெயரையும் ஊரையும் சொல்வதில்லை. "ஓ நெகட்டிவ் ஆளு" என்பதோடு சரி. இந்த வேலையில் இறங்குகிற யாரும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நன்றி சொல்லத்தான் கேட்கிறார்கள் என்று தோன்றினாலும், கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் நம்பரைக் கொடுக்கக் கூடாது.

அதேபோல எல்லா வரிசையையும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஓசூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை முகாமுக்கு உதவப் போயிருந்தேன். ஒப்பந்தத் தொழிலாளர்கள் நீளமாக நின்றார்கள், ஆபீஸ் பக்கத்திலிருந்து ஓரிருவர்தான். பார்க்கிறவருக்குப் பாட்டாளியின் பெருந்தன்மை என்று தோன்றும். பதிவு மேசையில் ஒரு பையனிடம் தாழ்ந்த குரலில், "உனக்கு இஷ்டமா தம்பி?" என்று கேட்டேன். "சூப்பர்வைசர் பேரு எழுதிட்டாருங்க. வரலைன்னா நாளைக்கு வேலை இருக்குமோ என்னமோ." அவனை டாக்டரிடம் அனுப்பினேன். கேள்வித்தாளில் உள்ளவற்றைத் தனியாகக் கேட்கும்போது, தகுதி இல்லை என்று யாருக்கும் காரணம் சொல்லாமல் அனுப்ப டாக்டரால் முடியும். பயந்து கொடுப்பது தானம் ஆகாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்கும்போது, மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இது வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் கேட்பதற்கும் பொருந்தும், தோட்டத்து ஆளிடம் கேட்பதற்கும் பொருந்தும்.

சுமை தூக்குகிறவர்களை இப்போது வேலைக்கு முந்தின ராத்திரியில் கூப்பிடுவதில்லை. மண்டிக்கு லீவு என்றைக்கு என்று கேட்டு, அதற்கு முந்தின மாலைதான். ஓ நெகட்டிவ் போன்ற அரிய குரூப்புக்கு வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் ராத்திரியில். அவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், ஏன் கூப்பிடவில்லை என்று. கோபித்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு வருஷத்தில் கஷ்டமான காலம் மே, ஜூன். முகாம்களில் அதிகம் கொடுப்பது கல்லூரிப் பிள்ளைகள், மே மாதத்தில் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஜூனில் கூலிக்காரர்கள் கையில் காசு இருக்காது, மனசும் நிம்மதியாக இருக்காது. மே மாதத்தில் இந்த ஊரில் யாருக்கு லீவும் சம்பளமும் சேர்ந்து இருக்கிறது என்று யோசித்தால் ஒரே பதில் ஆசிரியர்கள்தான். சென்ற கோடையில் அவர்களிடம் போய்ப் பேசினேன். மே மாதம் உங்களுடையது என்று நேராகக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, வாரத்துக்கு இத்தனை பேர் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஜூனுக்கு வங்கி ஊழியர்களிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு கிளைகளில் தேதி கொடுத்துவிட்டார்கள், மூன்றாவது கிளை மேலாளர் மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. வர்ற திங்கட்கிழமை நேரிலேயே போய்ப் பார்க்கப்போகிறேன்.